வசவுக்கும் சேர்த்துத்தானா சம்பளம்?

"ஆள்தான் போட்டாச்சே, அப்புறம் உனக்கென்ன கவலை?" மறதி நோய் வந்த அம்மாவையோ அப்பாவையோ வீட்டில் வைத்துக்கொண்டு வேலைக்கும் போகிறவர்கள் இதைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார்கள். கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, காசு கொடுத்தால் மனபாரம் இறங்கிவிடும் என்று நிஜமாகவே நம்புகிறார்கள். இறங்கத்தான் செய்கிறது, நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இறங்கியது காணாமல் போவதில்லை, இன்னொரு பெண்ணின் தலையில் ஏறுகிறது, அந்தப் பங்குக்கு நாம் யாரும் கூலி கொடுப்பதில்லை.

எங்கள் வீடு பெங்களூரு ராமமூர்த்தி நகரில். அப்பா தூரவாணி நகர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. அது அம்மாவின் நினைவில் நிற்பதில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் குழப்பம் கூடுவது இந்த நோயின் குணம். விளக்கு போடுகிற வேளை வந்தால் அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடக்க ஆரம்பித்துவிடுவார், "இன்னும் அவரைக் காணோமே" என்று. எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். உண்மையைச் சொன்னால் இப்போதுதான் சேதி வந்த மாதிரி அழுவார், பொய் சொல்ல எனக்கு வாய் வராது. அம்மாவைப் பார்த்துக்கொள்கிற கிருஷ்ணகிரி அக்கா கீரை ஆய்ந்துகொண்டே, "இன்னிக்கு செகண்ட் ஷிப்ட்டும்மா, பஸ்ஸு வர நேரமாகும், நீங்க சாப்ட்டு படுங்க" என்பார். "ஆமா, செகண்ட் ஷிப்ட் இல்ல" என்று அம்மா உட்கார்ந்துவிடுவார்.

அந்த அக்காவால் முடிகிறது, ஏனென்றால் செத்துப்போனது அவருடைய அப்பா இல்லை. குளிப்பாட்டுவது, மாத்திரை கொடுப்பது, டயபர் மாற்றுவது என்றுதான் ஏஜென்சி தாளில் எழுதியிருக்கிறது. நான் காசு கொடுத்து வாங்குவதில் பெரியது இந்த செகண்ட் ஷிப்ட் பதில்தான், அது அந்தத் தாளில் எங்குமே இல்லை.

அதே அக்காவைத்தான் அம்மா வளையல் திருடி என்கிறார். பொருளை எங்கோ வைத்துவிட்டு யாரோ எடுத்துவிட்டதாகச் சொல்வது இந்த நோயில் சகஜம், டாக்டருக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஆனால் என்னைத் திருடி என்றால் மனசு வலிப்பதோடு போய்விடும், அவரைச் சொன்னால் வேலை போகலாம், ஏஜென்சியில் பேர் கெடலாம், அக்கம்பக்கத்து வீட்டுக் கதவுகள் எல்லாம் சாத்திக்கொள்ளலாம். சில நாள் ஜாதியைச் சொல்லியும் திட்டுகிறார், நல்லபடியாக இருந்த காலத்தில் நாங்கள் அம்மா வாயில் கேட்டிராத வார்த்தைகள். அக்கா பேசாமல் துண்டை உதறிக் காயப்போடுவார். வந்திருந்த அத்தை ஒருவர், "அதுக்கும் சேர்த்துத்தானே சம்பளம் குடுக்குறோம்" என்றார். இல்லை அத்தை, அதற்கு நாம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லை.

பார்த்துக்கொள்பவரின் மனச்சுமையை அளக்க ஸாரிட் என்றொரு அளவுகோல் இருக்கிறது, 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். உங்களுக்கென்று நேரம் இல்லாமல் போய்விட்டதா, இவரோடு இருக்கும்போது கோபம் வருகிறதா என்கிற மாதிரி. மகள் என்பதால் என்னைக் கேட்டார்கள். பகல் முழுக்க அம்மாவோடு இருப்பவரை யாரும் கேட்கவில்லை, அந்தக் கேள்விகளே சொந்தக்காரர்களை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு நம் மனக்குறையைக் கேட்கிற கவுன்சலர்களுக்காவது நேரம் முடிந்தால் கதவைச் சாத்தலாம், தாங்கள் கேட்டுச் சுமப்பதை மூத்த கவுன்சலரிடம் போய்ப் பேசுகிற வழக்கமும் அந்தத் தொழிலில் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வருகிற இவர்கள் யாரிடம் போய்ப் பேசுவார்கள்? இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2023-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டிருக்கிறது. இதில் எத்தனை வீட்டில் எத்தனை அக்காக்கள் இப்படி வாயைத் திறக்காமல் துண்டு காயப்போடுகிறார்களோ.

கைமாற்ற முடியாததும் உண்டு. நாளைக்கு அம்மாவால் விழுங்க முடியாமல் போனால் மூக்கு வழியே குழாய் போடுவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியது நானும் தம்பியும்தான். அதை எந்தச் சம்பளத்துக்கும் யாரிடமும் தள்ளிவிட முடியாது, தள்ளவும் கூடாது.

மற்றதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்து, சம்பளம் பிடிக்காமல் வாரம் ஒரு நாள் விடுமுறை கொடுக்கிறோம், அன்றைக்குத் தம்பி வந்து பார்த்துக்கொள்கிறான். மனசு சரியில்லாதபோது கூப்பிட்டுப் பேசுகிற டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அக்காவின் போனில் போட்டுக் கொடுத்திருக்கிறேன், மத்திய அரசு 2022-ல் தொடங்கியது, காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். திருட்டுப் பழி வந்தால் வீட்டை முழுக்கத் தேடிப் பார்க்காமல் ஆளை மாற்றக் கூடாது, வசவு வாங்குகிற வேலை என்பதால் தனிப்படி வேண்டும் என்று இரண்டையும் ஒப்பந்தத் தாளில் எழுதச் சொன்னேன். ஏஜென்சிக்காரர், "அப்படியெல்லாம் எழுத முடியாது மேடம், மத்த வீட்டுலயும் கேப்பாங்க" என்கிறார். கேட்கட்டும் என்றுதான் நானும் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.