நான்கு சக்கரமும் இழுக்கும் காரில் மலைக்கு

காலையில் சமவெளியில் கிளம்பி, மதியம் அடிவாரம், மாலைக்குள் பனி படிந்த கணவாய், மறுநாள் அந்தப் பக்கமாக இறக்கம். இப்படிப்பட்ட பாதைக்கென்றே செய்தது போன்ற சின்னக் கார்கள் சில உண்டு: டொயோட்டா ஜிஆர் யாரிஸ், சுபாரு டபிள்யூஆர்எக்ஸ், ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர், ஆடி எஸ்3, ஃபோர்டு ஃபோகஸ் ஆர்எஸ். எல்லாமே டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சுழலி) கொண்டவை, எல்லாமே ஆல் வீல் டிரைவ். ஆனால் நான்கு சக்கரத்துக்கும் விசையை அனுப்பும் விதம் காருக்குக் கார் வேறு. மலையில் எது கைகொடுக்கும், எது படுத்தும் என்பது அதைப் பொறுத்தது.

கிளம்பும் முன் முதலில் பார்க்க வேண்டியது எஞ்சினை அல்ல, டயரை. சக்தி எவ்வளவு இருந்தாலும் இந்தக் கார்களின் பலவீனம் அங்கேதான். நான்கு டயரும் ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். சுபாரு சொல்லும் வரம்பு, டயர்களுக்கிடையே சுற்றளவில் 6.4 மி.மீ. வித்தியாசம். கேட்க நிறைய இருப்பது போலத் தோன்றும். கணக்குப் போட்டால் அப்படியில்லை. ரப்பர் 1 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு 6.28 மி.மீ. குறைகிறது. அதாவது ஒரு டயர் மற்றதைவிட 1 மி.மீ. கூடத் தேய்ந்திருந்தால் வரம்பை எட்டியாயிற்று. அளவு குறைந்த டயர் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் சில சுற்று கூடுதலாகச் சுற்றும். அந்த வித்தியாசத்தை விழுங்குவது முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பங்கிடும் நடு டிஃபரன்ஷியலோ கிளட்ச் தட்டுகளோதான். நாள் முழுக்க ஓட்டும்போது அது சூடாகி, எண்ணெய் கருகி, கடைசியில் இறுகிக்கொள்ளும். வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது கார் துள்ளித் துள்ளி நகர்ந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ட்ரெட் (தரையில் படும் ரப்பரின் பள்ளங்கள்) ஆழம் அளக்கும் கருவி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடத்தில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எண்ணெய்கள். கோல்ஃப் ஆர், எஸ்3 வைத்திருப்பவர்கள் அதிகம் தவறவிடுவது பின்பக்க ஹால்டெக்ஸ் அலகின் (பின்சக்கரங்களுக்கு விசையை அனுப்பும் கிளட்ச்) எண்ணெயை. 2012இல் வந்த ஏழாம் தலைமுறை கோல்ஃபிலிருந்து அந்த அலகில் தனி ஃபில்டர் கிடையாது. பம்பின் வாயில் ஒரு சல்லடை மட்டும் இருக்கும். கிளட்ச் தட்டுகளிலிருந்து உதிரும் தூள் அந்தச் சல்லடையை அடைத்தால் பம்ப் திணறும், பிறகு எரிந்துபோகும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவது அட்டவணையில் உள்ள வேலை. பல பணிமனைகள் எண்ணெயை வடித்து நிரப்புவதோடு நிறுத்திக்கொள்ளும். பம்பைக் கழற்றிச் சல்லடையைக் கழுவச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும், விஷயமே அதில்தான் இருக்கிறது. இதில் மோசமானது, பம்ப் செத்தாலும் பல நேரம் எச்சரிக்கை விளக்கு எரியாது. கார் சத்தமில்லாமல் முன்சக்கர வண்டியாக மாறியிருக்கும். ஈரமான சரளையில், ஸ்டீயரிங் நேராக இருக்க, நின்ற இடத்திலிருந்து ஆக்சிலரேட்டரை நன்றாக அழுத்துங்கள். முன்சக்கரம் மட்டும் மண்ணைக் கிளறினால் பனிக்குப் போகாதீர்கள்.

பழைய ஃபோகஸ் ஆர்எஸ் (2016–2018) என்றால் கூலன்ட் அளவைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். தொடக்கத்தில் தயாரான கார்களில் பொருந்தாத ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு) போடப்பட்டிருந்தது, நிறுவனமே அதைக் கட்டணமின்றி மாற்றித் தந்தது. மாற்றியதற்கான தாள் கையில் இல்லையென்றால், குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது வரும் வெள்ளைப் புகையும் காரணமில்லாமல் குறையும் கூலன்ட்டும் அடையாளம். அதே கையோடு எஞ்சின் ஆயிலும். டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே பெரும்பாலான கார்களில் சுமார் 1 லிட்டர். கையேடு சொல்லும் அதே தர ஆயில் 1 லிட்டர் டிக்கியில் இருக்கட்டும். படுக்கை வாட்ட எஞ்சின் கொண்ட சுபாருவைச் சரிவில் நிறுத்தி ஆயில் அளந்தால் தப்பான அளவுதான் காட்டும். சமதரை தேடுங்கள்.

நெடுஞ்சாலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சஸ்பென்ஷன் விறைப்பு, டயர் இரைச்சல் இரண்டும் முதல் இரண்டு மணி நேரத்தில் உடம்புக்குத் தெரியும். ஜிஆர் யாரிஸின் டிக்கி 174 லிட்டர்தான், ஸ்டெப்னியும் கிடையாது. இரண்டு பேருக்கான சாமான் பின்சீட்டை மடக்கினால்தான் அடங்கும். பெட்ரோல் டேங்க் 50 லிட்டர். நிதானமான வேகத்தில் லிட்டருக்கு 12 கி.மீ. போகும் கார், செங்குத்து ஏற்றத்தில் மூன்றாம் கியரில் 7 கி.மீ.க்கு இறங்கிவிடும். அடிவாரத்தில் பாதி டேங்க் இருந்தாலும் நிரப்பிக்கொண்டே ஏறுங்கள். கையேடு கேட்கும் ஆக்டேனையே போடுங்கள். குறைந்த ஆக்டேனில், சுமையோடு, தாழ்ந்த ஆர்பிஎம்மில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தால் நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது) வரும். எஞ்சின் கணினி தீப்பொறி நேரத்தைத் தள்ளிப்போட்டுச் சமாளிக்கும், ஆனால் ஓரளவுக்குத்தான். சுபாருவின் பழைய 2.5 லிட்டர் டர்போ எஞ்சின்களில் பிஸ்டன் வளையங்களுக்கு இடைப்பட்ட விளிம்பு உடைவதற்கு இந்த நாக்கிங் ஒரு முக்கியக் காரணம். ஏற்றத்தில் கியரைக் குறைத்து, ஆர்பிஎம்மை 3000க்கு மேல் வைத்து ஏறுவது எஞ்சினுக்கு இதம்.

ஏறத் தொடங்கியதும் டர்போவின் அருமை புரியும். 3000 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவு. டர்போ இல்லாத கார் அங்கே மூச்சு வாங்கும். டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டும். ஆனால் அழுத்தம் ஏற ஒரு நொடி கூடுதலாகும். முந்திச் செல்லும்போது இதைக் கணக்கில் வையுங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளில் காருக்குக் கார் குணம் மாறுகிறது. 2024க்கு முந்தைய ஜிஆர் யாரிஸில் நார்மல் மோடில் முன்–பின் விசை 60:40, ஸ்போர்ட்டில் 30:70. ஸ்போர்ட்டில் வைத்தால் வளைவுக்குள் மூக்கு எளிதாகத் திரும்பும். எட்டாம் தலைமுறை கோல்ஃப் ஆர், ஃபோகஸ் ஆர்எஸ் இரண்டிலும் பின் அச்சில் இரண்டு கிளட்ச். வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கூடுதல் விசை போய்க் காரை உள்ளே திருப்பும். ஏழாம் தலைமுறை கோல்ஃபுக்கு அந்த வசதி இல்லை. அதில் சீக்கிரமே ஆக்சிலரேட்டர் கொடுத்தால் மூக்கு வெளியே தள்ளும், எதிர்த் தடத்துக்கே போய்விடும். நேராக இருக்கும்போதே பிரேக்கை முடித்து, திரும்பி, மூக்கு வெளிவழியைப் பார்த்த பிறகு விசை கொடுங்கள். அப்போது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு இருக்கிறதே, அதற்காகவே இந்தக் கார்களை வாங்கலாம்.

பனியில்தான் ஆல் வீல் டிரைவ் ஏமாற்றும். கிளம்புவது சுலபமாக இருப்பதால் பிடிப்பு நிறைய இருப்பதாகத் தோன்றும். நிறுத்தும்போது எல்லாக் காருக்கும் நான்கு பிரேக்தான். கோடை டயர் போட்ட கோல்ஃப் ஆரைவிடப் பனி டயர் போட்ட சாதாரண முன்சக்கர வண்டி முன்னாலேயே நின்றுவிடும். வெப்பம் 7 டிகிரிக்குக் கீழே போகும் பாதை என்றால் நான்கிலும் பனி டயர், பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் பனித்துகளும் பொறித்தது, 4 மி.மீ.க்குக் குறையாத ட்ரெட். சங்கிலி எந்த அச்சில் கட்டுவது என்பதைக் கையேட்டில் பார்த்து, வீட்டிலேயே ஒருமுறை கட்டிப் பாருங்கள். 18 அங்குலச் சக்கரத்துக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே இடைவெளி குறைவு, தடித்த சங்கிலி உரசும். ஆழமான பனியில் சிக்கினால் இரண்டாம் கியரில், ட்ராக்ஷன் கன்ட்ரோலை அணைத்து மெல்ல நகர்த்துங்கள். அது இயங்கினால் சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் விசையைப் பிடுங்கிக்கொள்ளும். வெளியே வந்தவுடன் மறுபடி இயக்கிவிடுங்கள்.

உச்சியில் டயர் அழுத்தத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் 3000 மீட்டரில் மானி 4 பிஎஸ்ஐக்கு மேல் கூட்டிக் காட்ட வேண்டும். குளிரால் அதே அளவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கவும் செய்யும். இரண்டும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. ஏறி வந்த சூட்டில் அளந்து காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் நான்கு டயரும் தொய்ந்திருக்கும்.

இறக்கம் பிரேக்குக்கான பரீட்சை. டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த உத்தரவாதம் 155 டிகிரிதான். இரண்டு ஆண்டு பழைய ஆயிலோடு நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் உள்ளே குமிழி வந்து பெடல் தரை தொடும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். கருகல் வாசம் வந்தால் உடனே நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை இறுக்காதீர்கள். சூடான டிஸ்க்கில் பேட் ஒரே இடத்தில் அழுந்தி நிற்பது கெடுதல். மெதுவாகச் சில கி.மீ. ஓட்டி ஆறவிட்டு, பிறகு கியரில் போட்டு நிறுத்துங்கள். டர்போவுக்கும் அந்த மெதுவான ஓட்டம் நல்லது.

வழியில் பள்ளத்தில் இறங்கி டயரின் பக்கவாட்டில் புடைப்பு வந்தால் உள்ளே நூலிழை அறுந்துவிட்டது என்று பொருள். 225/40 ஆர்18 டயருக்குப் பக்கவாட்டு உயரம் 90 மி.மீ.தான், அடியைத் தாங்க அதற்குத் தெம்பில்லை. பஞ்சர் திரவம் இதற்கு உதவாது. வண்டியை ஏற்றிச்செல்ல ஆள் அழைக்கும்போது "ஆல் வீல் டிரைவ், நான்கு சக்கரமும் தரையில் படக்கூடாது, தட்டையான மேடை வண்டி வேண்டும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இரண்டு சக்கரத்தை மட்டும் தூக்கி இழுத்தால் கிளட்ச் பொதியோ டிஃபரன்ஷியலோ வீணாகும். புது டயர் ஒன்று போடுகையில் மற்ற மூன்றும் பாதி தேய்ந்திருந்தால் நான்கையும் மாற்ற வேண்டியதுதான். ட்ரெட்டைச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் கடை கிடைத்தால் செலவு மிச்சம். சக்கரம் மாட்டிய பிறகு போல்ட்டைக் காலால் மிதித்து முறுக்க விடாமல் டார்க் ரெஞ்சால் முறுக்கச் சொல்லுங்கள்; கோல்ஃபுக்கு 120 நியூட்டன் மீட்டர். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு முறை சரிபாருங்கள்.