நான்காவது முறை எழுதியதில் படம் சரியானது

நேற்று இரவு அக்காவின் திருமணத்தை, ஜானவாசத்திலிருந்து முகூர்த்தம் வரை, அம்மா எழுந்திருக்காமல் பார்த்து முடித்தார். படம் எங்கும் உதறவில்லை, கட்டம் கட்டமாக உடையவும் இல்லை. ஒரே டிவிடியை மூன்று முறை அழித்து எழுதி, நான்காவது முறையில் கிடைத்த பலன் இது. சூடு ஆறுவதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

2003இல் மினிடிவி கேமராவில் எடுத்தவை, மொத்தம் 11 டேப்புகள். கேமராவைக் கணினியோடு இணைக்கும் ஃபயர்வயர் வழியாக இறக்கினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி வருகிறது. ஒரு ஃபிரேம்கூடத் தவறாமல் இறங்கியது. அதை டிவிடிக்கு வேண்டிய எம்பெக்-2 வடிவமாக்கி வட்டில் ஏற்றிய இடத்தில்தான் தொல்லை தொடங்கியது.

முதல் வட்டு என் மடிக்கணினியில் அருமையாக ஓடியது. ஊருக்குக் கொண்டுபோய் அம்மாவின் பழைய பிக்சர் டியூப் தொலைக்காட்சியில் போட்டேன். எல்லோரும் உட்கார்ந்திருக்கும் காட்சிகளில் குறை ஒன்றும் தெரியவில்லை. அக்காவை மேடைக்கு அழைத்து வரும்போது, நடக்கிறவர்கள் அத்தனை பேரும் நடுங்கினார்கள். கேமரா திரும்பினால் மண்டபத்துத் தூண்கள் உதறின. "டேப் கெட்டுப்போய்விட்டதாப்பா?" என்று அம்மா கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

டேப் கெடவில்லை. தவறு ஃபீல்டு வரிசையில் இருந்தது. இந்தக் கேமரா ஒவ்வொரு படத்தையும் ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகளாகப் பிரித்து, இரண்டு பாதிகளாக ஒன்றன்பின் ஒன்றாகப் பதிகிறது. இந்த முறைக்கு இண்டர்லேஸ் என்று பெயர், ஒவ்வொரு பாதியும் ஒரு ஃபீல்டு. மினிடிவி கேமரா கீழ் ஃபீல்டை முதலில் தருகிறது. எம்பெக்-2 ஆக மாற்ற நான் பயன்படுத்தும் மென்பொருளான என்கோடரோ, நாம் எதுவும் சொல்லாவிட்டால் மேல் ஃபீல்டுதான் முதல் என்று குறித்துவிடுகிறது. டிவிடி தரநிலை இரண்டு வரிசையையும் ஏற்கும் என்பதால் வட்டு எழுதும் மென்பொருளும் எச்சரிக்காது. மடிக்கணினி இரண்டு ஃபீல்டையும் ஒரே படமாகச் சேர்த்துக் காட்டுவதால் அங்கே பிழை மறைந்துவிடுகிறது. டியூப் தொலைக்காட்சி ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுவதால் அங்கே அகப்பட்டுக்கொள்கிறது.

இதை உறுதி செய்துகொள்ள மூன்று மாலைகள் செலவிட்டேன். எவிசிந்த் என்ற வீடியோ மென்பொருளில் ஃபீல்டுகளைத் தனித்தனியாகப் பிரித்து, நொடிக்கு 50 படமாக்கி, ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்க வேண்டும். ஓடும் குழந்தை, வீசும் கை, எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளலாம். நான் தாம்பூலத் தட்டோடு போகும் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டேன். வரிசை சரியென்றால் தட்டு ஒரே சீராக முன்னால் போகும். தவறென்றால் ஒரு அடி பின்னால் வந்து, மூன்று அடி முன்னால் தாவும். ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகமே வராது. எந்த டேப்பானாலும் என்கோடரைத் தொடுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

இரண்டாம் முறை அவசரப்பட்டு, இண்டர்லேஸையே நீக்கி எழுதினேன். நடுக்கம் போனது. கூடவே அசைவின் வழுவழுப்பும் போனது, பட்டுப்புடவையின் ஜரிகையும் மங்கிப்போனது. டியூபில் பார்க்கப்போகும் வட்டுக்கு அந்த வேலையே கூடாது. டேப்பில் 720க்கு 576 பிக்சல் அளவில் எப்படி இருக்கிறதோ அப்படியே விட்டுவிட்டு, இண்டர்லேஸ் முறையில் என்கோடு செய்து, 'கீழ் ஃபீல்டு முதலில்' என்று குறித்தால் போதும். அளவை மாற்றினால் இரண்டு ஃபீல்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

மூன்றாம் முறை வரிசை சரியாக இருந்தது. ஆனால் வட்டை மிச்சப்படுத்த ஆசைப்பட்டு இரண்டு டேப்புகளை ஒன்றில் ஏற்றினேன். 4.7 ஜிபியில் இரண்டு மணி நேரம் என்றால், ஒலி முதலியவை போகப் படத்துக்கு நொடிக்கு 4.8 மெகாபிட்தான் மிஞ்சும். முதல் சுற்றில் அளந்து பார்த்து இரண்டாவதில் எழுதும் இரண்டு சுற்று என்கோடிங்கில் முக்கால்வாசிக் காட்சிகள் நன்றாகவே வந்தன. கெட்டிமேளம் முழங்கியதும் எல்லாம் போயிற்று. நூறு கைகளிலிருந்து அட்சதை பறக்கிறது, ஹோமப் புகை எழுகிறது, புகைப்படக்காரரின் ஃபிளாஷ் நொடிக்கொரு முறை வெட்டுகிறது. என்கோடருக்கு இதைவிடக் கடினமான காட்சி இருக்க முடியாது. தாலி கட்டும் அந்தச் சில நொடிகள் முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்திருந்தன. எந்த நொடிக்காக இத்தனை பாடுபடுகிறோமோ அந்த நொடியையே பறிகொடுக்கும் சிக்கனம் எனக்கு வேண்டாம்.

ஆகவே இனி ஒரு டேப்புக்கு ஒரு வட்டு. பிட்ரேட், அதாவது நொடிக்கு எழுதும் தரவின் அளவு, மாறாமல் 8 மெகாபிட். டிவிடி 9.8 வரை அனுமதிக்கிறது. ஆனால் வீட்டில் எழுதிய வட்டுகளை அந்த வேகத்தில் படிக்கப் பழைய பிளேயர்கள் திணறுவதுண்டு. ஒலி டால்பி டிஜிட்டல், 256 கிலோபிட். கேமரா 12 பிட், 32 கிலோஹெர்ட்ஸில் பதிந்திருந்ததால் டிவிடிக்கு வேண்டிய 48க்கு மாற்ற வேண்டியிருந்தது. நாதஸ்வரம் கூர்மை குறையாமல் கேட்கிறது. மொத்தம் 3.7 ஜிபிக்குச் சற்று மேல்.

ஃபயர்வயர் அட்டை தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதலில் வாங்கிய பெயரில்லாத அட்டை கேமராவைக் கண்டுகொள்ளவே இல்லை. பிறகு சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சில்லு உள்ள ஒன்றைப் பிடித்தேன். செருகியதும் வேலை செய்தது. சில்லின் மேல் எழுதியிருப்பதைப் படித்துப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

அதே தெருவில் இப்போது பழைய டிஜிட்டல்8 கேமரா ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மாமா வைத்திருக்கும், டிஜிட்டலுக்கு முந்தைய வீடியோ8 கேசட்டுகளில் தாத்தா பேசுகிறார். டிஜிட்டல்8 மாடல்களில் சில அந்த கேசட்டையும் ஓட்டி, நேரே ஃபயர்வயரில் தந்துவிடும். எல்லா மாடலும் அப்படியில்லை, பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அதற்கு முன் அக்காவின் டேப்புகளே இன்னும் ஏழு இருக்கின்றன. ஐந்தாவதில் குறுக்கே கோடுகள் விழுகின்றன. கேமராவில் டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைக்கும் டேப்பை ஓட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை மீண்டும் இறக்கப்போகிறேன். நலங்கு அதில்தான் இருக்கிறது. அம்மா இப்போதே இரண்டு முறை கேட்டுவிட்டார்.