மாத்திரைச் செலவுக்கு வழி தேடுவோருக்கு

என் சித்தப்பாவுக்கு நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய் என்று உறுதியானபோது, நாள் தவறாமல் ஆண்டுக்கணக்கில் விழுங்க வேண்டிய இமாடினிப் மாத்திரைக்குப் பணத்துக்கு எங்கே போவது என்ற கவலைதான் வீட்டில் எல்லோரையும் வாட்டியது. 2013 ஏப்ரல் 1 அன்று இம்மாத்திரையைத் தான் மட்டுமே தயாரித்து விற்கும் உரிமையான காப்புரிமையைக் கேட்ட நோவார்ட்டிஸ் மருந்து நிறுவனத்தின் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்ததால், மாதம் லட்ச ரூபாய்க்கு மேல் ஆகியிருக்கக்கூடிய இம்மருந்து, இந்திய நிறுவனங்களின் தயாரிப்பாகச் சில ஆயிரங்களில் தொடர்ந்து கிடைக்கிறது. அந்தத் தீர்ப்புக்கு எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

ஆனால் அந்தச் சில ஆயிரமும் மாதாமாதம் என்றால், தறி வேலையை நம்பியிருக்கும் வீட்டுக்குப் பெருஞ்சுமை. பிரதமரின் தேசிய நிவாரண நிதியிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உதவி கோரலாம். நோயின் தன்மையையும் ஆகக்கூடிய செலவையும் குறிப்பிட்டு மருத்துவமனை தரும் சான்றிதழின் அசலையும் வருமானச் சான்றையும் விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும். தொகை நேராக மருத்துவமனைக்கே செல்லும். ஏற்கெனவே செலவழித்த பணத்தை இந்நிதியிலிருந்து திரும்பப் பெற முடியாது என்பதால், கையிருப்பெல்லாம் கரைந்த பிறகு விண்ணப்பிக்கலாம் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

இன்னொன்றையும் மன்றாடிக் கேட்கிறேன். பணமில்லை என்பதற்காக, மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்; ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கொண்டால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். மருத்துவமனையில், உதவி பெற நோயாளிகளுக்கு வழிகாட்டும் மருத்துவ சமூகப் பணியாளர் இருந்தால், முதலில் அவரிடம் நிலைமையை மறைக்காமல் சொல்லுங்கள்.