கேம்பிங் போறப்ப வண்டில சாமான் ஏத்தறது - எங்க வீட்டு வழக்கம்

ஏழு சீட்டர் வண்டி இருக்கு, குடும்பத்தையும் ஏத்திக்கலாம், டென்ட், அடுப்பு, பாய், சட்டி பானைன்னு எல்லாத்தையும் அள்ளிப் போட்டுக்கிட்டும் கிளம்பிடலாம்னு நினைக்கறவங்க, மூணு வரிசை சீட்டும் நிமித்தி வெச்ச எர்டிகா டிக்கிய ஒருதடவ திறந்து பாருங்க. 209 லிட்டர்தான். ரெண்டு பெரிய பேக் நிக்க வெச்சா கதை முடிஞ்சுது. கடைசி வரிசைய மடிச்சா 550 லிட்டர், நடு வரிசையும் மடிச்சா 803 லிட்டர்னு கம்பெனி கணக்கு சொல்லுது, சரி, நடு வரிசையும் மடிச்சிட்டா ஆளுங்கள எங்க உக்கார வெக்கறது? அதனால எங்க வீட்டுல அஞ்சு பேர் போறதுன்னா கடைசி வரிசைய முழுசா மடிச்சிடுவோம், ஆறு பேர்னா பாதி மட்டும் மடிப்போம், ஏழு பேர்னா கேம்பிங்கே கிடையாது, ரூம் போட்டு தூங்கிட்டு வரவேண்டியதுதான். மச்சான் கோச்சுக்கிட்டாலும் பரவால்ல, மடில சட்டிய வெச்சிக்கிட்டு மலை ஏற என்னால முடியாது.

நாங்க இருக்கறது கிருஷ்ணகிரி மாவட்டத்துல காவேரிப்பட்டினம். இங்கிருந்து ஏலகிரி பக்கம், ஜவ்வாது மலை, ஏற்காடு, எல்லாமே காலைல கிளம்பினா மத்தியானத்துக்குள்ள போய் சேர்ற தூரம். ஒகேனக்கல், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் காடு இன்னும் கிட்டயே இருக்கு, ஆனா அதுல பெரும்பகுதி காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம், அனுமதி இல்லாம அங்க உள்ள போய் டென்ட் அடிக்கக் கூடாது, யானை நடமாட்டம் வேற. அதனால எப்பவுமே தனியார் கேம்ப் இடமோ தெரிஞ்சவங்க தோப்போதான். இத ஏன் சொல்றேன்னா, போற இடத்துல தண்ணி, கக்கூஸ், விறகு இருக்கா இல்லையான்னு முன்னாடியே ஃபோன் பண்ணி கேட்டுட்டாலே பாதி சாமான் குறைஞ்சிடும். தண்ணி இருக்குன்னு சொன்னாங்கன்னா ரெண்டு கேன் மிச்சம், அதாவது 40 கிலோ மிச்சம், அது ஒரு பள்ளிக்கூடப் பையனோட வெயிட்டு.

இப்ப பெட்டி விஷயத்துக்கு வரேன். கடையில கேம்பிங் பாக்ஸ்னு ஆயிரக்கணக்குல விக்கறாங்க, பாக்க நல்லாதான் இருக்கும். நாங்க உபயோகிக்கறது தக்காளி கிரேட். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் மண்டிக்குப் போனீங்கன்னா மலை மாதிரி அடுக்கி வெச்சிருப்பாங்களே, அதேதான். எல்லாம் ஒரே அளவு, ஒண்ணுமேல ஒண்ணு கரெக்டா உக்காரும், ஓரத்துல கைப்பிடி, சுத்தியும் ஓட்டை இருக்கறதால ஈரத்துணி போட்டாலும் நாத்தம் வராது, உள்ள என்ன இருக்குன்னு வெளியவே தெரியும். கேம்ப்ல கவுத்துப் போட்டா முக்காலி, ரெண்டு சேத்துப் போட்டு மேல பலகை வெச்சா அடுப்பு மேடை. ட்ராலி பேக் வேண்டவே வேண்டாம், சக்கரத்துக்கும் கைப்பிடிக்கும் சேத்தே கால்வாசி இடத்த தின்னுடும். துணிமணிக்கு சாதாரண துணிப்பைதான், ஆளுக்கு ஒண்ணு.

துணிப்பைன்னு ஏன் அழுத்திச் சொல்றேன்னா அதுல ஒரு சூட்சுமம் இருக்கு. எங்க மாமனார் ரொம்ப காலம் மாங்கா மண்டில லோடு பாத்தவர், அவர் ஒருநாள் நான் ஏத்தறத பாத்துட்டு, "மாப்ள, ஆடறதுக்கு இடம் விட்டா அடிபடும், சந்து இருக்கக் கூடாது"ன்னாரு. மாங்காய்க்கு நடுவுல வைக்கோல் திணிக்கற மாதிரி, கிரேட்டுக்கும் வண்டி சுவருக்கும் நடுவுல இருக்கற சந்துல எல்லாம் இந்த துணிப்பை, தலகாணி, போர்வைன்னு திணிச்சிடணும். வீல் ஆர்ச், அதாவது சக்கரத்துக்கு மேல வர்ற மேடு, இருக்கே, டிக்கியோட ரெண்டு பக்கமும் உள்ள பிதுங்கிக்கிட்டு நிக்கும், அதுக்குப் பின்னாடி ஒரு மூலை வரும், கிரேட் போகாது, செருப்பு பையும் டார்ச்சும் கச்சிதமா போகும். கம்பளிய மடிச்சு வெக்காம சுருட்டி வெச்சா எந்த சந்துலயும் நுழையும். தோசைக்கல்ல துண்டுல சுத்தி கிரேட்டோட ஓரத்துல நிக்க வெச்சிடுங்க, படுக்க வெச்சா ஒரு முழு அடுக்கு போச்சு. குண்டானுக்குள்ள குண்டான், அதுக்குள்ள டம்ளர், டம்ளருக்குள்ள உப்பு மொளகாத்தூள் டப்பா, எங்கம்மா இதுல பெரிய எக்ஸ்பர்ட், காலியா ஒரு பாத்திரம் வண்டி ஏறவே ஏறாது.

ஆனா இதெல்லாம் எவ்வளவு கச்சிதமா அடைச்சாலும் வரிசை தப்பா இருந்தா வேஸ்ட். என்னோட கணக்கு என்னன்னா, வீட்டு வாசல்ல டிக்கிய சாத்தினா கேம்ப் போய் சேர்ற வரைக்கும் அத திறக்கவே கூடாது. வழியில யாராவது "ஏங்க, பாப்பாவோட ஸ்வெட்டர் பின்னாடி இருக்கு"ன்னு சொன்னா லோடு சரியில்லன்னு அர்த்தம். பர்கூர் தாண்டி ரோட்டோரம் லாரிங்க பறக்கற இடத்துல டிக்கிய திறந்து மூட்டை மூட்டையா இறக்கி வெச்சிக்கிட்டு நிக்கற குடும்பங்கள லீவு நாள்ல பாக்கலாம், பாவமா இருக்கும், ஆபத்தும் கூட. அதனால வழியில வேணுங்கறது எதுவுமே டிக்கிக்குப் போகாது. புளிசோறு, நிப்பட்டு, தண்ணி பாட்டில், வாந்தி வந்தா கவர், எலுமிச்சம்பழம், ஆயாவோட மாத்திரை, ஒரு துண்டு, இவ்வளவும் ஒரே கட்டைப்பைல, நடு சீட்டுக்குக் கீழ. அந்தப் பைக்கு இன்சார்ஜ் பெரிய பொண்ணு, வேற யாரும் கைய வெக்கக் கூடாது.

டிக்கில எது மேல எது கீழங்கறத போய் இறங்கினதும் மொதல் அரைமணி நேரம் என்ன பண்ணுவோங்கறத வெச்சு முடிவு பண்ணுங்க. இறங்கினதும் மொத வேலை தார்ப்பாய் விரிக்கறது, அப்புறம் டென்ட், அப்புறம் டீ. அப்ப தார்ப்பாய்தான் கடைசியா ஏறணும், டிக்கி கதவ திறந்தா கைல அதுதான் தட்டுப்படணும், மழை பிடிச்சுக்கிச்சுன்னா மத்த சாமான் மேல அதையே போத்தி விட்டுடலாம். டென்ட்டு கூடவே அதோட முளை, சுத்தியல். டீக்கு ஒரு தனி தூக்குவாளி: தூள், சக்கரை, பால் பவுடர், லைட்டர், நாலு டம்ளர். மெயின் சமையல் கிரேட் அடில கிடந்தாலும் டீ கிடைச்சிட்டா யாரும் கத்த மாட்டாங்க.

அடுத்தது வெயிட். கனமானது எல்லாம் கீழ, அதுவும் சீட்டு முதுகை ஒட்டி, டிக்கி கதவ ஒட்டி இல்ல. நிறைய பேர் தண்ணி கேனையும் அரிசியையும் கடைசியா தூக்கி கதவு ஓரம் வெச்சிடறாங்க, ஈஸியா இருக்குன்னு. பின் சக்கரத்துக்கும் பின்னாடி கனம் உக்காந்தா முன்பக்கம் லேசாகிடும், வளைவுல வண்டி திரும்பற பிடிமானம் குறையும், மேல ஏறறப்ப எல்லாம் வழுக்கி கதவு மேலதான் சாயும், மேல போய் நீங்க கதவ திறந்த உடனே மொத்தமும் கால் மேல. ஏலகிரில 14 கொண்டை ஊசி வளைவு, புலவர்கள் பேரும் வள்ளல்கள் பேரும் வெச்சிருக்காங்க, நம்ம தகடூர் அதியமானுக்கும் ஒண்ணு உண்டு. பசங்க ஒவ்வொரு போர்டா சத்தமா படிச்சிக்கிட்டே வருவாங்க, நான் அந்த நேரத்துல காதை பின்னாடி வெச்சிருப்பேன். வளைவுல 'டொக்'னு பாத்திரம் நகர்ற சத்தம் கேட்டா எங்கயோ சந்து விட்டிருக்கு. கொல்லிமலை போறவங்களுக்கு 70 வளைவு, அங்க ஆடற லோடு வெச்சிக்கிட்டு ஏறினா தலைவலி கேரண்டி.

இன்னொண்ணு, சீட்டு முதுகு உயரத்துக்கு மேல எதையும் அடுக்காதீங்க. கண்ணாடில பின்னாடி தெரியாதுங்கறது ஒரு பக்கம், சடன் பிரேக் போட்டா அந்த மேல இருக்கற பொருள் நேரா வந்து விழறது நடு சீட்டுல இருக்கற பிள்ளைங்க தலையிலதான். தர்மபுரி - சேலம் ரோட்டுல இருக்கற தொப்பூர் கணவாய்ல லாரிங்க எப்படி இறங்கும்னு இங்க இருக்கறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, அங்க சடன் பிரேக் போடாம வந்தவங்க கம்மி. லோடு இருக்கறப்ப வண்டி நிக்க வழக்கத்த விட அதிக தூரம் எடுக்கும், இறக்கத்துல ரெண்டாவது மூணாவது கியர்லயே இறங்குங்க, பிரேக்கையே நம்பி இறங்காதீங்க.

கேஸ். அஞ்சு கிலோ சின்ன சிலிண்டர் எடுத்துட்டுப் போறவங்க ரெகுலேட்டரக் கழட்டி, மூடி போட்டு, நிமிர்த்தி வெச்சு, உருளாம கட்டி வெக்கணும், படுக்கப் போடவே கூடாது, கூட ஜன்னல் கொஞ்சம் இறங்கியே இருக்கட்டும். கைல அடங்கற பியூட்டேன் கேன்னா இடம் மிச்சம், ஆனா அது மேலயே போட்டிருக்கும் 50 டிகிரிக்கு மேல சூடு ஆகக் கூடாதுன்னு, நம்ம ஊர் மே மாச வெயில்ல பூட்டின வண்டிக்குள்ள அந்த சூடு சாதாரணமா வந்துடும். சாப்பிட நிறுத்தினா நிழல்ல நிறுத்துங்க, போய் சேர்ந்ததும் மொதல்ல அத வெளிய எடுங்க.

மேல கேரியர் போடலாமான்னு கேக்கறாங்க. போடலாம், ஆனா லேசானது மட்டும், பாய், ஸ்லீப்பிங் பேக், மடக்கு சேர் மாதிரி. கூரை எவ்வளவு கனம் தாங்கும்னு வண்டி புக்லயே இருக்கும், அந்தக் கணக்குல கேரியரோட கனமும் சேரும், அத யாரும் சேக்கறதில்ல. மேல கனம் ஏறினா வண்டி வளைவுல சாயறது உங்களுக்கே தெரியும், மைலேஜும் அடி வாங்கும். கட்டறதுக்கு அந்த ரப்பர் கொக்கி கயிறெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்ல. மாமனார் கட்டறத பாத்துதான் கத்துக்கிட்டேன்: கயித்தோட ஒரு முனைய ஒரு பக்கம் இறுக்கிக் கட்டிட்டு, மேல போட்டு இந்தப் பக்கம் கொண்டு வந்து, நடுவுல கைய முறுக்கி ஒரு வளையம் போடுவாரு, நுனிய கீழ கம்பில நுழைச்சு திரும்ப மேல கொண்டு வந்து அந்த வளையத்துக்குள்ள விட்டு, உடம்பு வெயிட்ட போட்டு கீழ இழுப்பாரு, கயிறு 'கிர்ர்'னு இறுகும், ஒரு கையால அந்த இடத்த நசுக்கிப் பிடிச்சிக்கிட்டே மறு கையால ரெண்டு சுருக்கு. அவுக்கறப்ப நுனிய இழுத்தா போதும். கிளம்பி பத்து கிலோமீட்டர் போனதும் ஒருதடவ நிறுத்தி கயித்த தட்டிப் பாருங்க, புதுக் கயிறுன்னா கண்டிப்பா தளர்ந்திருக்கும்.

ஆளுங்க ஏறறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு சின்ன விஷயம். பின் சீட்டு பெல்ட் கொக்கி போர்வைக்கு அடில புதைஞ்சிடும், அத மேல எடுத்து விட்டுட்டு அப்புறம் சாமான் வெய்யுங்க, பின்னாடி உக்கார்றவங்களும் பெல்ட் போட்டே ஆகணும். டயர் காத்து, டிரைவர் கதவ திறந்தா தூண்ல ஒரு ஸ்டிக்கர் இருக்கும், சில வண்டில ரெண்டு ஆளுக்கு ஒரு அளவு, ஃபுல் லோடுக்கு ஒரு அளவு போட்டிருப்பாங்க, பங்க்ல இருக்கற தம்பி குத்துமதிப்பா அடிக்கறத விட அதப் பாத்து நீங்க சொல்லி அடிங்க, டயர் சூடாகறதுக்கு முன்னாடி. அப்புறம் ஸ்டியரிங் பக்கத்துல 0, 1, 2, 3ன்னு ஒரு சின்ன திருகு இருக்கே, பாதி பேர் அது ஏதோ லைட் பிரைட்னஸ்னு நினைச்சிக்கிட்டு இருக்காங்க. பின்னாடி லோடு ஏறினா வண்டி மூக்க தூக்கிக்கும், ஹெட்லைட் எதிர்ல வர்றவன் கண்ணுல அடிக்கும், நம்பர ஏத்தினா லைட்டு கீழ இறங்கும். விடிகாலை இருட்டுல கிளம்பறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஜாக்கி, வீல் ஸ்பேனர் எங்க இருக்குன்னு பாத்து அத கைக்கு எட்டற மாதிரி விட்டு வெச்சிக்குங்க, பஞ்சர் ஆனப்ப மொத்த டிக்கியையும் ரோட்டுல காலி பண்ண முடியாது.

திரும்பி வர்றதுக்கும் ஒரு லோடு இருக்குல்ல, அத யாரும் யோசிக்கறதில்ல. டென்ட் பனில நனைஞ்சு கனமாகி இருக்கும், அத மத்த துணியோட சேக்காம ஒரு கோணிப்பைல தனியா போட்டு, வீட்டுக்கு வந்த அன்னிக்கே மொட்டை மாடில விரிச்சிடணும், இல்லன்னா பூசணம் பிடிச்சா அந்த நாத்தம் போகவே போகாது. குப்பைக்கு ஒரு கவர் தனியா. அரிசி தண்ணி எல்லாம் தீந்து ஒரு கிரேட் காலியா வரும்னு எங்கம்மாவுக்கு நல்லாவே தெரியும், ஏலகிரி இறங்கறப்ப ரோட்டோரம் பலாப்பழம் பாத்தாங்கன்னா "டேய் நிறுத்துடா"ங்கற குரல் வந்துடும். பலாப்பழம் கிரேட்ல ஏறாது, டிக்கில விட்டா 14 வளைவும் உருளும். அதுக்கு ஒரே இடம் நடு சீட்டுக்கு முன்னாடி கால் வெக்கற பள்ளம்தான், ரெண்டு பக்கமும் துணிப்பை முட்டுக்கொடுத்து. ஏசி போட்டா வாசனை தலைய சுத்தும், ஜன்னல இறக்கி விட்டுக்கிட்டுதான் வரணும்.