சினையோடு வந்த பட்டி நாய்

கருத்தடைக்குக் கூட்டி வரும் பொட்டை நாய்க்கு மயக்க ஊசி போடுமுன் அடிவயிற்றைத் தடவிப் பார்ப்பது வழக்கம். அந்தப் பட்டி நாயின் வயிற்றில் நெல்லிக்காய் அளவு உருண்டைகள் வரிசையாகக் கையில் தட்டுப்பட்டன. சினை. ஏறக்குறைய 25 நாளிலிருந்து 35 நாள் வரைதான் உருண்டைகள் இப்படித் தனித்தனியாகத் தெரியும். அதற்கு மேல் கருப்பை ஒரே குழாயாக உப்பிவிடும், கையால் கண்டுபிடிப்பது கஷ்டம். நாயின் சினைக்காலம் சுமார் 63 நாள். பாதிதான் ஆகியிருந்தது.

"இன்னிக்கே கருப்பையோட எடுத்துரலாமுங்க" என்றேன்.

"வயித்துல உசுரு இருக்குதுங்களே டாக்டர், பாவமில்லீங்களா?" என்றார் நாயைக் கூட்டி வந்த அம்மா.

"பொறந்தப்புறம் சாக்குல போட்டு வாய்க்கா ஓரத்துல உடறது பாவமில்லீங்களா?"

அந்தம்மா பதில் சொல்லவில்லை. நாயின் காது மடலைத் திருப்பி ஓர் உண்ணியை நகத்தால் பிடுங்கினார். அப்புறம்தான், "போன ஈத்துல கொண்டு போயி உட்டது நானில்லீங்க, எங்கூட்டுக்காரரு" என்றார்.

நான் அப்படிக் கேட்டதில் தவறில்லை என்றுதான் தோன்றுகிறது. காங்கேயம், வெள்ளகோவில், சென்னிமலைப் பக்கம் தெருநாய்கள் பட்டியில் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவதும், செத்த ஆடுகளை ரோட்டில் போட்டு இழப்பீடு கேட்டு மறியல் செய்வதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்தக் கூட்டத்தில் தோட்டத்து நாயின் குட்டிகளும் உண்டு. தடுப்பூசி இல்லாமல் விடப்படுபவற்றில் பல பார்வோ என்ற வைரஸ் கழிச்சலில் போய்விடும், தப்பியவை கூட்டம் சேரும். தெருநாய்க்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சியின் வேலை. வீட்டு நாய்க்கு அது வளர்ப்பவர் பொறுப்பு என்று மத்திய அரசின் 2023 விலங்குக் கருத்தடை விதிகள் சொல்கின்றன. இதையெல்லாம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் விளக்கமாகச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அவர் கேட்ட கேள்வியும் லேசானதல்ல. சினையில் கருப்பையை எடுப்பது சாதாரணக் கருத்தடையைவிடச் சிக்கலானது. ரத்தக் குழாய்கள் தடித்திருக்கும். சினைப்பைக் காம்பில் போடும் கட்டு நழுவினால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் இறங்கும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. ஈறு வெளுப்பதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். கனத்த கருப்பையைத் தூக்கியதும் ரத்த அழுத்தம் சரியும் என்பதால் சலைன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மாதம் நிரம்ப நிரம்ப எல்லாமே கடினமாகும். கையில் தட்டுப்பட்ட நிலையில் அது செய்யக்கூடிய வேலைதான். உண்ணி நிறைய இருந்ததால் ரத்தமும் பார்த்தாயிற்று. உண்ணிக் காய்ச்சலில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் கத்தி வைக்கவே கூடாது. எண்ணிக்கை சரியாகவே இருந்தது.

பூனையாக இருந்தால் இன்னும் வற்புறுத்தியிருப்பேன். தாய்ப்பூனை பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகிவிடும். நாய்க்கு அடுத்த பருவம் வரப் பொதுவாக ஆறு மாதம் வரை ஆகும். ஆகவே குட்டி போடட்டும் என்று விடலாம். 6 முதல் 8 வாரத்தில் பால் மறக்கடித்து, மடி வற்ற இன்னும் இரண்டு மூன்று வாரம் விட்டுச் செய்தால் தையலும் நன்றாக ஆறும். மருத்துவக் கணக்கில் இதுவும் சரியான வழிதான். அப்படியானால் 'இன்னிக்கே' என்று நான் சொன்னது நாய்க்காகவா, பிறக்கப்போகும் குட்டிகள் எங்கே போகும் என்ற எரிச்சலிலா?

மருத்துவக் காரணங்களை அவரிடம் பேசவே இல்லை. கருத்தடை செய்யாத பொட்டைக்குப் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் கருப்பையில் சீழ் கோக்கும் ஆபத்து உண்டு. தண்ணீர் நிறையக் குடிக்கும், வாந்தி எடுக்கும், சாப்பிடாது. கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வடிவது கண்ணுக்குத் தெரியும். மூடியிருந்தால் வயிறு உப்பும் வரை தெரியாது. அப்போது செய்யும் அறுவை உயிரைப் பிடித்து நிறுத்தும் அறுவை. மடியில் வரும் புற்றுக்கட்டிக்கும் இதேபோல் ஒரு கணக்கு உண்டு: கருத்தடை செய்யாத பொட்டைக்கு உள்ள ஆபத்தில், முதல் பருவத்துக்கு முன் செய்தால் 0.5 சதவீதம்தான், ஒரு பருவம் கழித்து 8, இரண்டு கழித்து 26. இது 1969ல் வந்த ஆய்வு, ஆதாரம் வலுவில்லை என்று பின்னால் ஆராய்ந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் நாங்கள் எல்லோரும் அதைத்தான் ஒப்பிக்கிறோம். கருத்தடைக்குப் பின் எடை கூடும், தீனியைக் கால் பங்காவது குறைக்க வேண்டும், சில பொட்டைகளுக்குப் பின்னாளில் தூக்கத்தில் சிறுநீர் கசியும், லாப்ரடார் மாதிரிப் பெரிய இனங்களுக்கு மூட்டு முதிர ஓராண்டாவது பொறுக்க வேண்டும் என்ற மறுபக்கத்தை அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை.

கடைசியில் நாயைத் திருப்பிக் கூட்டிப் போனார். பால் மறந்ததும் கொண்டு வருவதாகச் சொன்னார். முதல் நாள் ராத்திரியோடு சோறு நிறுத்த வேண்டும், காலையில் கொஞ்சம் தண்ணீர் மட்டும் கொடுக்கலாம், ஆறும் வரை பத்து நாள் குளிப்பாட்டக் கூடாது, தையலை நக்காமல் கழுத்தில் கூம்பு மாட்ட வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

கடுவன் நாயும் ஒன்று பட்டியில் இருப்பதாகச் சொன்னார். அதற்கு வயிற்றைத் திறக்கவே வேண்டாம். விரைப்பைக்கு முன்னால் சின்னதாகக் கீறினால் போதும், சாயங்காலமே வீட்டுக்குப் போய்விடும். ஒரு மாதம் பொட்டையிடம் விடாமல் வைக்க வேண்டும், குழாயில் மிச்சமிருக்கும் விந்து அதுவரை சினைப்படுத்தும். காவல் குணம் போகாது, ஊர் சுற்றுவதும் சண்டையும்தான் குறையும் என்றேன்.

"அதுக்கு அவரு ஒத்துக்கவே மாட்டாருங்க டாக்டர்" என்று சிரித்துவிட்டார்.

பட்டி ஆடுகளுக்கு ஊசி போடப் போகும்போது அந்த வீட்டுக்காரரிடமே கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். சாக்கைப் பற்றிப் பேசுவதா வேண்டாமா என்றுதான் தெரியவில்லை.