திருத்தாதீர்கள், கேள்வி கேளுங்கள்

மாணவர் கட்டுரையை கூகுள் டாக்ஸில் பார்க்கும்போது ஆசிரியர்கள் பலர் 'சஜஷன்' முறையில் வாக்கியத்தையே மாற்றி எழுதிவிடுகிறார்கள். பிள்ளைக்கு மிஞ்சும் வேலை அந்தத் திருத்தத்தை ஏற்க டிக் குறியைத் தட்டுவது மட்டுமே. வாக்கியம் சரியாகிவிடும், ஆனால் யோசித்தது ஆசிரியர்.

அதற்குப் பதில் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல், ஆல்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தி, கமென்ட்டில் கேள்வி மட்டும் போடுங்கள். "மழைநீர் தேங்குவதால் மக்கள் அவதிப்படுகின்றனர்" என்று ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுதினால், "எந்தத் தெருவில்? யார்? நீ பார்த்தது என்ன?" போதும். பக்கத்துக்கு 3 கேள்விக்கு மேல் வேண்டாம். கூடினால் சுலபமானதற்கு மட்டும்தான் பதில் வரும்.

கேள்வி போடும் முன்பே, ஃபைல் மெனுவின் வெர்ஷன் ஹிஸ்டரியில் (கட்டுரையின் பழைய வடிவங்கள் சேமிக்கப்படும் இடம்) அப்போதைய வடிவத்துக்கு 'முதல் வரைவு' என்று பெயரிட்டு வைக்க மாணவரிடம் சொல்லுங்கள். பிறகு என்ன மாறியது என்று ஒப்பிடலாம். மாணவர் உங்களோடு பகிரும்போது எடிட்டர் உரிமை தரவேண்டும். பார்க்க மட்டுமே உரிமை உள்ள வியூவருக்கு ஹிஸ்டரி தெரியாது.

ஹிஸ்டரியில் முழுப் பத்தி ஒரே அடியாக முளைத்திருந்தால் உடனே காப்பி என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து ஒட்டுகிற பிள்ளைகளும் உண்டு. திரையை மூடிவிட்டு, அந்தப் பத்தியை வாயால் சொல்லச் சொல்லுங்கள். தானே யோசித்த பிள்ளை வேறு சொற்களிலாவது சொல்லிவிடும்.