பத்து நொடி தள்ளாமல் பார்த்த மூன்று மாதங்கள்

'கொட்டுக்காளி' படத்தைப் பற்றி நான் பலரிடமும் சொல்லிவந்த கருத்து தவறானது என்பதை, நண்பர் ஒருவர் கேட்ட ஒரே கேள்வியில் தெரிந்துகொண்டேன். நாயகி மீனாவைக் குடும்பமே சேர்ந்து அழைத்துப் போகும் பயணத்தின் நடுவில், அவளை மணக்கவிருக்கும் பாண்டி வெறிகொண்டு எல்லாரையும் அடிக்கத் தொடங்கும் காட்சிக்குக் காரணமே இல்லை, அது வலிந்து திணிக்கப்பட்ட வன்முறை என்று நான் உறுதியாக வாதிட்டுக்கொண்டிருந்தேன். "அதுக்கு முன்னாடி மீனா வாய்க்குள்ளேயே பாட்டை முணுமுணுத்தாளே, அதைப் பாக்கலையா?" என்று அவர் கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை. யாரும் பேசாத நேரம் என்பதால், கைபேசித் திரையின் வலப்பக்கத்தைத் தட்டிப் பத்துப் பத்து நொடியாக அந்த இடத்தைக் கடந்து போயிருந்தேன். அடிக்கான காரணம் நான் தள்ளிவிட்ட நொடிகளுக்குள்தான் இருந்தது.

அன்றிரவு யோசித்துப் பார்த்தபோது, கடந்த இரண்டு ஆண்டுகளில் ஓடிடி தளங்களில் நான் பார்த்த படங்களில் பெரும்பாலானவற்றை இப்படித்தான் பார்த்திருக்கிறேன் என்பது புலப்பட்டது. கதை என்னவென்று எனக்குத் தெரியும், முடிவும் தெரியும். ஆனால் படம் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றி நன்றாக இருக்கிறது, இழுவையாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். எனவே முன்பு பிடிக்கவில்லை என்று ஒதுக்கிய சில படைப்புகளை ஒரு நொடியும் தள்ளாமல் மறுபடி பார்ப்பது, பார்த்த இரவே ஒரு பக்கம் எழுதுவது, எழுதி முடிக்கும்வரை வேறு யாருடைய கருத்தையும் படிக்காமல் இருப்பது என்று முடிவு செய்தேன்.

இதற்காக ஒரு நீள நோட்டு வாங்கினேன். சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கைபேசியை அடுத்த அறையில் சார்ஜில் போட்டுவிட்டுத் தொலைக்காட்சி முன் அமர்வது வழக்கமாயிற்று. ரிமோட்டைத் தள்ளி வைத்தாலும், தள்ளிவிடும் ஆசை தள்ளிப்போகவில்லை. அதனால் ஆசை எழும் ஒவ்வொரு முறையும் அந்த நிமிடத்தை மட்டும் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளத் தொடங்கினேன். முதலில் வெறும் கட்டுப்பாட்டுக்காகச் செய்த இந்தக் குறிப்பு, பிறகு நான் எழுதிய விமரிசனத்தைவிடப் பயனுள்ளதாக மாறியது.

'கொட்டுக்காளி'யில் இருந்துதான் ஆரம்பித்தேன். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கத்தில் 2024இல் வெளியான இந்தப் படத்தில் பின்னணி இசை கிடையாது. வேற்றுச் சாதி இளைஞனை விரும்பும் மீனாவுக்குப் பேய் பிடித்திருப்பதாக நம்பி, அவளை ஒரு சாமியாரிடம் அழைத்துப் போகும் குடும்பத்தின் ஒருநாள் பயணம்தான் கதை. மீனாவாக நடித்த அன்னா பென் ஏறத்தாழப் பேசுவதே இல்லை. தொண்டையில் சுண்ணாம்பு பூசிக்கொண்டு கரகரத்த குரலில் பேசும் பாண்டியாகச் சூரி வருகிறார். முதல்முறை பார்த்தபோது இந்தச் சுண்ணாம்பு எனக்கு வெறும் ஒப்பனையாகத் தெரிந்தது. இம்முறை, குரல் கட்டிப்போன ஒருவனும் குரல் கொடுக்க மறுக்கும் ஒருத்தியும் ஒரே பாதையில் போகிறார்கள் என்பதும், அவனுக்குத் தொண்டை வலித்தாலும் அதிகாரம் அவனிடமே இருக்கிறது என்பதும் நெஞ்சில் தைத்தன. இசை இல்லாததால் ஆட்டோவின் உறுமலும் காற்றும் கட்டிவைத்த சேவலின் அசைவும் காதுக்குள் நிறைந்துகொண்டே வருகின்றன. அப்படிப்பட்ட இடத்தில் எங்கிருந்தோ ஒலிபெருக்கிப் பாட்டு வரும்போது, மீனாவோடு சேர்ந்து நமக்கும் மூச்சு விட ஒரு இடைவெளி கிடைக்கிறது. அந்த இடைவெளிதான் பாண்டிக்குப் பொறுக்கவில்லை. பாட்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தவனுக்கு அடி மட்டும்தான் மிஞ்சும்.

வழியில் ஒரு காளை சாலையை மறித்து நிற்க, வீரம் பேசிய ஆண்கள் எல்லாரும் தயங்கி நிற்கும்போது ஒரு சிறுமி வந்து அதை இயல்பாக ஓட்டிக்கொண்டு போகும் காட்சியையும் நான் முன்பு பாதிதான் பார்த்திருந்தேன். அன்று நோட்டில் 14 குறிகள் விழுந்திருந்தன. அவற்றில் 12 குறிகள் யாரும் பேசாத இடங்களுக்கு உரியவை.

அடுத்த வாரம் அதே இயக்குநரின் முதல் படமான 'கூழாங்கல்'. 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் அதன் முதன்மைப் பரிசான டைகர் விருது பெற்ற படம். ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. 2023 அக்டோபரில் சோனி லிவ் தளத்தில் வந்தது. குடிகாரத் தகப்பன் பள்ளிக்கூடத்திலிருந்து மகன் வேலுவை இழுத்துக்கொண்டு, கோபித்துப் போன மனைவியைத் தேடிப் போகிறான். திரும்பும்போது பையன் பணத்தைக் கிழித்துவிட, இருவரும் கொளுத்தும் வெயிலில் நடந்தே வருகிறார்கள். படம் முக்கால்வாசி நடைதான். பையன் ஒரு கண்ணாடித் துண்டால் வெயிலை வாங்கித் தகப்பனின் முதுகில் அடிக்கும் இடத்தை எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். ஆனால் அதற்கு முன்னால் அந்த முதுகை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது என்பதை உட்கார்ந்து பார்த்தால்தான் புரிகிறது. அந்தச் சின்ன ஒளிவட்டம் ஒரு குழந்தையால் தரக்கூடிய முழுத் தண்டனை.

இந்தப் படத்தை அம்மாவும் என்னோடு பார்த்தார். அவர் பிறந்தது முதுகுளத்தூர்ப் பக்கம். கடைசியில் ஒரு குழியில் ஊறும் தண்ணீரைப் பெண்ணொருத்தி சிறுகச் சிறுக அள்ளிக் குடத்தில் ஊற்றும் காட்சி நீண்டுகொண்டே போனது. என் கை நோட்டின் ஓரத்துக்குப் போனது. அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஊத்துத் தண்ணி அப்பிடித்தான் ஊறும். வெடுக்குன்னு மோந்தா கலங்கிப்போயிரும்" என்றார். பிறகு, தன் சிறுவயதில் விடியுமுன் ஊற்றடிக்குப் போய் வரிசையில் உட்கார்ந்திருந்ததையும், முன்னால் இருப்பவள் குடம் நிறையும்வரை பேசக்கூடத் தோன்றாது என்பதையும் சொன்னார். இத்தனை ஆண்டுகளில் அவர் இதை என்னிடம் சொன்னதே இல்லை. எனக்கு நீளமாகத் தோன்றிய காட்சி அவருக்குச் சரியான அளவில் இருந்தது. அன்று எழுதிய பக்கத்தில் பாதிக்கு மேல் அம்மா சொன்னவைதான்.

'மெய்யழகன்' படத்துக்கு வந்தபோது, நீளமே ஒரு குறையா என்ற வேறொரு கேள்வி எழுந்தது. ச. பிரேம்குமார் இயக்கிய இந்தப் படம் 2024 செப்டம்பரில் திரையரங்குகளுக்கு வந்த சில நாட்களிலேயே, நீளம் கருதிச் சுமார் 18 நிமிடக் காட்சிகள் குறைக்கப்பட்டன. சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை விட்டுப் போன அருள்மொழி, 22 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கையின் திருமணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். 'அத்தான், அத்தான்' என்று கூடவே சுற்றும் உறவுக்காரனின் பெயர் படத்தின் பெரும்பகுதியிலும் அவருக்கு நினைவுக்கு வருவதில்லை. என் பார்வையில் இந்தப் படத்தின் உயிர், மணமேடையில் தங்கை புவனா அண்ணன் கொண்டுவந்த நகைகளை அங்கேயே அணிந்துகொள்ளும் இடத்தில் இருக்கிறது. அருள்மொழியாக நடித்த அர்விந்த்சாமியின் முகம் அந்தச் சில நிமிடங்களில் 22 ஆண்டுகளையும் கடக்கிறது. அங்கே ஒரு குறிகூட விழவில்லை. ஆனால் அந்த உறவுக்காரனாக வரும் கார்த்தி ஊரையும் வரலாற்றையும் பற்றி நீளப் பேசும் பின்னிரவுப் பகுதிகளில் எனக்குச் சோர்வு தட்டியது உண்மை. முன்பென்றால் மொத்தப் படத்தையும் இழுவை என்றிருப்பேன். இப்போது, பெயர் தெரியவில்லையே என்ற குற்ற உணர்ச்சியோடு ஒருவன் அடுத்தவனின் அன்பைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டிய தவிப்பு அந்த நீளத்தால்தான் கிடைக்கிறது என்று எழுதி, பேச்சைவிட மௌனம் அங்கே நன்றாக இருந்திருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டேன்.

தொடர்களில் இந்த முயற்சி கடினமாக இருந்தது. ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. எழுத நேரமே கிடைப்பதில்லை. அமைப்புகளுக்குள் போய்த் தானியங்கி ஓட்டத்தை நிறுத்தி, ஓர் இரவுக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டேன். புஷ்கர்-காயத்ரி உருவாக்கிய 'சுழல்' தொடரின் முதல் பருவம் 2022 ஜூனில் அமேசான் பிரைமில் எட்டுப் பகுதிகளாக வந்தது. பகுத்தறிவு பேசும் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் மகள் காணாமல் போகிறாள். ஊரில் அங்காளம்மனுக்கு எடுக்கும் மயானக்கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. மேல்மலையனூரில் மகாசிவராத்திரிக்கு மறுநாள் நடக்கும் மயானக்கொள்ளையைக் கண்டவன் நான் என்பதால், மலையூர் ஒன்றில் அதைக் கொண்டுபோய் வைத்தது முதலில் உறுத்தலாக இருந்தது. முன்பு திருவிழாக் காட்சிகளை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட்டிருந்தேன். நாளுக்கு ஒரு பகுதியாகப் பார்த்தபோது, சாமியை நம்பாத அப்பனின் துக்கமும் சாமியாடும் தெருவும் ஒன்றையொன்று நெருங்கி வருவதைக் கவனிக்க முடிந்தது. சண்முகமாக நடித்த பார்த்திபன் அழாமல் நிற்கும் இடங்கள் அந்தப் பறையொலி இல்லாவிட்டால் பாதியாகச் சுருங்கியிருக்கும்.

2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பருவம் என்னை அவ்வளவாக ஈர்க்கவில்லை. அதன் அஷ்டகாளித் திருவிழா, பக்தர்கள் வேடமிட்டு வரும் குலசேகரப்பட்டினம் தசராவை நினைவூட்டியது. வேடமிட்ட கூட்டத்துக்கு நடுவே விசாரணை நகரும் தொடக்கம் நன்றாகவே இருந்தது. ஆனால் நடுவிலுள்ள மூன்று பகுதிகளில் மட்டும் 23 குறிகள். அவற்றை 'கொட்டுக்காளி'யின் குறிகளோடு ஒப்பிட்டபோதுதான் இந்த முயற்சியின் உண்மையான பயன் எனக்குக் கிடைத்தது. அங்கே யாரும் பேசாதபோது பொறுமை இழந்தேன். இங்கே பாத்திரங்கள் நமக்கு ஏற்கெனவே தெரிந்ததை மறுபடி பேசும்போது பொறுமை இழந்தேன். முதலாவது என்னுடைய குறை, இரண்டாவது எழுத்தின் குறை. இரண்டுக்கும் இதுவரை 'இழுவை' என்ற ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தி வந்திருக்கிறேன். அந்தச் சொல்லை இனி நோட்டில் எழுதுவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். எழுதத் தோன்றினால், யார் என்ன செய்துகொண்டிருந்தபோது அலுத்தது என்று வாக்கியமாகவே எழுதுகிறேன்.

இந்த வரிசையில் மிகவும் எளிதாகப் பார்த்து முடித்தது நெட்ஃபிளிக்ஸின் 'அடோலசன்ஸ்'. 2025 மார்ச்சில் வந்த இந்த பிரிட்டிஷ் தொடரின் நான்கு பகுதிகளும் தனித்தனியே ஒரே ஷாட்டில் எடுக்கப்பட்டவை. வெட்டே இல்லாத இடத்தில் எங்கே தள்ளுவது? மூன்றாம் பகுதியில் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட பதின்மூன்று வயதுச் சிறுவனும் உளவியலாளரும் ஓர் அறையில் பேசிக்கொண்டிருப்பது மட்டும்தான் நடக்கிறது. அவர் அவனுக்காகக் கொண்டுவந்த சாண்ட்விச்சும் ஹாட் சாக்லேட்டும் தொடக்கத்தில் அன்பின் அடையாளமாக இருக்கின்றன. கடைசியில், அவன் கடித்த அந்தச் சாண்ட்விச் மேசையில் கிடக்க, அதைத் தொடக்கூட அவரால் முடியவில்லை. உரையாடல் நிறைந்த பகுதியாக இருந்தும் ஒரே ஒரு குறிதான் போட்டிருந்தேன்.

மூன்று மாதங்களில் 11 பக்கங்கள் எழுதியிருக்கிறேன். ஒரு துப்பறியும் தொடரை மட்டும் எவ்வளவு பொறுமையாகப் பார்த்தும் கருத்தை மாற்றிக்கொள்ள முடியவில்லை. படங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் வசன எழுத்தை (சப்டைட்டில்) நிறுத்திவிட்டது நல்ல பயன் தந்திருக்கிறது. கண் கீழே போகாமல் முகத்திலேயே நிற்கிறது.

சென்ற வாரம் அந்த நண்பர் வீட்டுக்கு வந்திருந்தார். 'கொட்டுக்காளி'யின் கடைசிக் காட்சியை மட்டும் இருவரும் மறுபடி பார்த்தோம். சாமியார் வேறொரு பெண்ணுக்குப் பேயோட்டும் விதத்தைப் பார்த்துவிட்டுப் பாண்டி தயங்கி நிற்கும் இடத்தில் படம் முடிகிறது. அவன் மீனாவைத் திருப்பி அழைத்துப் போயிருப்பான் என்பது அவருடைய கருத்து. அடித்த கை அவ்வளவு சீக்கிரம் மாறாது என்பது என் கருத்து. நள்ளிரவு வரை பேசியும் ஒத்துப்போகவில்லை. அந்தப் பக்கத்தின் கீழே நாலு வரி இடம் விட்டிருக்கிறேன்.